ஈயச் சொம்பும் அடுப்புத் தீயும்

ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக்கூடாது, பிள்ளைகளே. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புத் தீயின் சூடோ அதைப்போலப் பல மடங்கு. ஆனால் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் அதே தீயில் சொம்பு அசையாமல் உட்கார்ந்திருக்கும். கொதிக்கிற ரசம் 100 டிகிரியை ஒட்டியே நின்று, ஏறுகிற சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் அம்மா ரசம் வைக்கும்போது தீயைச் சொம்பின் அடியோடு அடக்கி வைப்பார். ரசம் தொடாத விளிம்பில் தீ நாக்கு பட்டால் அந்த இடம் உருகி வழிந்துவிடும்.

எங்கள் உறவில் ஒரு பையன் இருந்தான். சத்தமாகப் பேசினால் கண் கலங்கிவிடும். ‘இவன் எதைத் தாங்கப் போகிறான்’ என்று பெரியவர்கள் கைவிட்டார்கள். அவன் தாதியானான்; பிழைக்க வழியில்லாத நோயாளிகளின் வார்டில் பணிக்காலம் முழுவதையும் கழித்தான். அவன் மென்மை கடைசிவரை மாறவில்லை. கை நிறைய வேலை இருந்தது, அதனால் உருகாமல் நின்றான். உறுதி என்றால் இரும்பாவதுதான் என்று நம்பியிருந்த எனக்கு அவனைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

இந்தக் கோலாலம்பூரை எழுப்பியதும் வெள்ளீயம் என்ற அந்த மென்மையான உலோகம்தான். 1857-ல் ராஜா அப்துல்லா கிள்ளானிலிருந்து அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றோடு வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். பெரும்பாலோரைக் காட்டுக் காய்ச்சல் கொண்டுபோனது. அவர்கள் இடத்துக்கு மறுபடி ஆள் வந்தது. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியதும் முக்கியமாக ஈயத்தை ஏற்றத்தான்.

இரும்புக்குப் பலம் உண்டு. நம் ஊர் ஈரத்துக்கு அது துருப்பிடித்துப் போகும். அதன்மேல் மெல்லிதாக வெள்ளீயம் பூசியதுதான் பால் டின். காலி டின்னில் நூல் கட்டிக் கோப்பி வாங்கி வந்த தலைமுறை நாங்கள். பூச்சில் கீறல் விழுந்தால் மட்டும், அந்த இடத்து இரும்பு வெறும் இரும்பைவிட வேகமாகத் துருவேறும். மனிதர்களிடமும் அப்படித்தான்; துணையாக வந்தவரைக் கீறிப் பார்க்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஈயச் சொம்பு வாங்கினால் காரீயம் கலக்காததற்குச் சோதனைச் சான்று கேளுங்கள். காரீயம் நஞ்சு, கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சான்று இல்லையென்றால் எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள். ருசி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.