பாட்டியின் பைண்டும் ஒரு வெளிறிய கோடும்

ஜூன் 3

கும்பகோணத்து வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு இன்று ஸ்கேனருக்கு வந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வெளிவந்த தொடரைப் பாட்டி பக்கம் பக்கமாகப் பிரித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. தாள் பழுப்பேறிவிட்டது. ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது.

முதல் பக்கத்தை 300 டிபிஐயில் எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை வெளிறிய ஒரு கோடு. அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில். கோடு போகிற வழியில் எந்த எழுத்து நின்றாலும் அதன் புள்ளி காணாமல் போகிறது. கதாநாயகன் வந்தியத்தேவன் ஓரிடத்தில் ‘வந்தியததேவன்’ ஆகியிருந்தான்.

“டிபிஐயைக் கூட்டிப் பாருக்கா” என்றாள் தங்கை போனில். 600 வைத்தேன், 1200 வைத்தேன். கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

ஜூன் 4

காலையில் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து எடுத்தேன். கோடு தாளோடு சேர்ந்து திரும்பவில்லை, கண்ணாடியில் அதே இடத்தில் நின்றது. குறை தாளில் இல்லை, கருவியில். புது ஸ்கேனர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். காசில்லாத வேலை, ஒரு நிமிடம் போதும்.

8.5 அங்குல அகலம் கொண்ட 600 டிபிஐ ஸ்கேனரில் ஒரே வரிசையில் 5,100 உணரிகள் இருக்கின்றன. 8.5 அங்குலத்தை 600ஆல் பெருக்கினால் வரும் கணக்கு. ஸ்கேன் தொடங்குமுன், கண்ணாடி ஓரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையை இவை பார்த்துக்கொள்கின்றன. ‘வெள்ளை என்றால் இதுதான்’ என்று ஒவ்வொன்றுக்கும் அங்கேதான் அளவு குறிக்கப்படுகிறது. பட்டையில் ஒரு தூசி இருந்தால், அதற்கு நேரே உள்ள உணரி தனக்கு வெளிச்சம் குறைவு என்று எடுத்துக்கொண்டு பக்கம் முழுக்கத் தன் அளவைக் கூட்டிவிடுகிறது. கோடு பிறப்பது இப்படித்தான். கண்ணாடியின் மேற்பக்கத்தை எத்தனை தடவை துடைத்தாலும் அது போகாது.

மின்சாரத்தைத் துண்டித்து, அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, கண்ணாடிச் சட்டத்தை மெல்லத் தூக்கினேன். பட்டையில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு துணுக்கு. எப்போதோ உள்ளே புகுந்த துகளாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய புகைப்படலமும் இருந்தது. உள்ளேயுள்ள பிளாஸ்டிக் விடும் ஆவி படிந்து இப்படி ஆகுமாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்தேன். கண்ணாடி மேல் நேரே தெளிக்கக் கூடாது, ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

கோடு போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எழுத்தெல்லாம் கண் திறந்த மாதிரி இருக்கு” என்றாள்.

ஜூன் 6

பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிறது. தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் வைத்தேன், அடங்கியது. வெள்ளையாக எது பின்னால் இருந்தாலும் ஒளியைத் திருப்பியனுப்பிப் பின்பக்கத்து எழுத்தைக் காட்டிக்கொடுக்கும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். பக்கம் கொஞ்சம் மங்கும். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

ஜூன் 9

நடுவில் சேர்த்துத் தைத்திருந்த ஒரு வண்ணப் படத்தை எடுத்தால் படம் முழுக்கச் சல்லடை போல அலையலையாக ஒரு வடிவம். அச்சில் வண்ணம் நுண்புள்ளிகளாக விழுந்திருக்கிறது, ஸ்கேனரும் புள்ளி புள்ளியாகத்தான் படிக்கிறது. இரண்டு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதபோது இந்த அலை எழும். ஜன்னலில் கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டால் தெரியுமே, அதே சங்கதி. 1200இல் எடுத்தேன். ஒவ்வொரு அச்சுப்புள்ளியும் தனித்தனியாகப் பிடிபட்டது. பிறகு லேசாக மங்கவைத்து 300க்குக் குறைத்ததும் அலை போய் வண்ணம் மட்டும் நின்றது.

மென்பொருளிலேயே ‘டீஸ்கிரீன்’ என்று ஒரு வசதி உண்டு. வண்ணப் படத்துக்கு அது உதவும். ஆனால் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த கோட்டோவியங்களுக்கு அதைப் போடவே கூடாது என்பது என் முடிவு. போட்டுப் பார்த்தேன், பேனாக் கோட்டின் முனை மழுங்கிவிட்டது. கோட்டோவியத்துக்கு 600, சாம்பல் நிற முறை, தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் அணைப்பில். வெறும் கறுப்பு வெள்ளை முறை ஆகவே ஆகாது. அதில் மெல்லிய கோடு அறுந்துபோகும், எழுத்தின் புள்ளியும் விழுந்துவிடும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு இது. பழைய ‘லை’யின் தும்பிக்கை எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் படிப்பவர் தடுமாறிப்போவார்.

ஜூன் 13

இது பெரிய தொல்லை. தையலை ஒட்டிய இரண்டு மூன்று எழுத்துகள் எல்லா வரியிலும் மங்கல். என் ஸ்கேனர் சிஐஎஸ் வகை. மெலிசாக இருக்கும், யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் கண்ணாடியை ஒட்டிக் கிடப்பதைத்தான் தெளிவாகப் பார்க்கும். தாள் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிவிடும். கண்ணாடிகளும் லென்ஸும் கொண்ட பழைய சிசிடி வகை இன்னும் சில மில்லிமீட்டர் தாங்கும். உதிரித் தாள்களை அடுக்கி ஓரத்தில் துளை போட்டுத் தைத்திருப்பதால் இந்தப் பைண்டு விரியவே விரியாது. அழுத்தினால் தாள் முறியும்.

பைண்டரிடம் கொண்டுபோனேன். “நூலை மட்டும் அவிழ்க்கலாம்மா. முதுகை மெஷின்ல வெட்டிடாதீங்க. அதே துளையில திரும்பத் தச்சுத் தரேன்” என்றார். கை வரவில்லை. பாட்டி போட்டுவைத்த கட்டு அது.

அம்மாதான் முடிவு சொன்னாள். “பாட்டி இருந்திருந்தா அவங்களே அவிழ்த்திருப்பாங்க. படிக்கிறதுக்குத்தானே தச்சாங்க.”

ஜூன் 21

நூல் அவிழ்ந்த தாள்கள் கண்ணாடியில் படிந்து கிடக்கின்றன. தையலுக்குள் ஒளிந்திருந்த எழுத்துகள் எல்லாம் முழுசாக வந்துவிட்டன. இதுவரை 212 பக்கம். டிஃப் கோப்பாக இரண்டு வட்டுகளில் வைத்திருக்கிறேன், ஒன்று தங்கை வீட்டில். பழுப்பை வெளுக்கவில்லை. எழுபது வருஷத் தாளின் நிறம் அதுதான்.

வீட்டில் இப்படித் தொடர்கதை பைண்டு வைத்திருப்பவர்கள் இந்த விடுமுறையிலேயே பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே வருஷா வருஷம் நொறுங்கிக்கொண்டு வருகிறது. ஸ்கேன் எடுத்த பிறகு தாள்களைத் திரும்பத் தைத்து வையுங்கள். படம்தான் கையில் இருக்கிறதே என்று அவற்றைப் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிடாதீர்கள்.