நான் கொலைகாரன் கட்சி

ஊர் நியாயம் பேசுகிறவன்தான் நான். ஆனால் கதைப் புத்தகம் கையில் இருக்கும்போது என் நியாயத்தை யாரும் நம்ப வேண்டாம். எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கத்தில் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் படித்தபோது, கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

அடகு பிடிக்கும் கிழவி அல்யோனாவை ரஸ்கோல்னிகோவ் கோடரியால் கொல்கிறான். அவன் சாத்த மறந்த கதவு வழியே அவள் தங்கை லிசவெதா வந்துவிட, அவளையும் வெட்டுகிறான். தடுக்கக்கூட அவள் கையைச் சரியாகத் தூக்கவில்லை. சற்று நேரத்தில் வெளியே இரண்டு பேர் கதவை இழுத்து உலுக்க, அதற்குள் அவன் மாட்டிவிட்ட உள்கொக்கி துள்ளுகிறது. கழன்றுவிடக் கூடாதே என்று எனக்கு வியர்த்துவிட்டது. லிசவெதா அதே வீட்டில் பிணமாகக் கிடக்கிறாள் என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

கிழவி விஷயத்தில் உறுத்தல்கூட இல்லை. கஞ்சம், கொடும் வட்டி, தங்கையை அடிக்கிறவள். அவளை வெறுக்க ஆசிரியர் இடம் கொடுத்தார், நான் தாராளமாக எடுத்துக்கொண்டேன். லிசவெதா விஷயத்தில் அந்தச் சாக்கும் கிடையாது.

இதைவிடக் கேவலம் பின்னால் இருக்கிறது. விசாரணை அதிகாரி போர்ஃபிரி அவனுக்குக் கிடுக்கிப்பிடி போடும் நேரத்தில், பெயிண்டர் மிகோல்கா உள்ளே நுழைந்து கொன்றது தான்தான் என்கிறான். ஒரு பாவமும் அறியாதவன். எனக்கோ 'அப்பாடா' என்றிருந்தது. அவன் சைபீரியா போனால் போகட்டும், நம்ம ஆள் பிழைத்தால் சரி!

பழியைத் தஸ்தயேவ்ஸ்கி தலையில் கட்டப் பார்த்தேன். கொலைகாரனே தன் கதையைச் சொல்வதாக எழுதத் தொடங்கி, 1865 கடைசியில் அதைக் கைவிட்டுப் படர்க்கைக்கு மாறியவர் அவர். மாறியும் என்ன, கதை அவனைவிட்டு நகர்வதே அபூர்வம். மாட்டுவானா தப்புவானா என்ற பதைப்பு பிடித்துக்கொண்டால், இரக்கமும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

ஆனால் இந்த வாதம் எடுபடாது. அந்த மனுஷர் லிசவெதாவை மறக்கவிடவே இல்லை. உன் சட்டையைத் தைத்துக் கொடுத்தவளாயிற்றே என்று வேலைக்காரி நஸ்தாஸ்யா அவனிடமே சொல்கிறாள். லாசரு உயிர்த்தெழுந்த கதையை, அவன் நாடிப்போகும் பெண் சோனியா அவனுக்கு வாசித்துக் காட்டுகிற புதிய ஏற்பாடு, லிசவெதா கொண்டுவந்து கொடுத்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் இதெல்லாம் கண்ணில் பட்டது. முதல் முறை, போர்ஃபிரி அடுத்து எப்போது வருவார் என்ற அவசரத்தில் சட்டையையும் வேதப் புத்தகத்தையும் தாண்டி ஓடியிருக்கிறேன்.