ஒரு கோல் போதும்

2017 டிசம்பர் 12, செவ்வாய் இரவு. இங்கிலாந்தின் பர்ன்லி கால்பந்து அணியின் டர்ஃப் மூர் மைதானம். சில பகுதிகளில் இன்னும் மரப் பலகை இருக்கைகள்தான். முன்வரிசைப் பெரியவர் கையில் ஆவி பறக்கும் குவளை: பெனடிக்டைன் என்கிற பிரெஞ்சு மூலிகை மது, வெந்நீர் கலந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன உள்ளூர்ச் சிப்பாய்கள் பிடித்துவந்த பழக்கம். நூறு வருடமாகியும் ஊரை விடவில்லை.

எதிரணி ஸ்டோக். கோலே விழவில்லை. பெரியவருக்கு அதில் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. நம் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தை நெற்றியால் முட்டி வெளியே தள்ளும்போதுதான் தொடையில் தட்டிக்கொள்கிறார். (நானும் ‘நம்’ என்று எழுதிவிட்டேன் பாருங்கள்.) கோல்கீப்பர் நிக் போப், செப்டம்பரில் கேப்டன் ஹீட்டனின் தோள்பட்டை விலகியதால் உள்ளே வந்தவர். சின்னக் கிளப்பில் ஆடிய காலத்தில் வீடு வீடாகப் பால் போட்டவர்.

எல்லைக்கோட்டருகே ஷான் டைச். செம்பட்டைத் தாடி, சரளைக்கல் உருளுகிற மாதிரி குரல். 2012 அக்டோபரிலிருந்து இவர்தான் மேனேஜர். 2015இல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியபோதும் யாரும் இவரைக் கழற்றிவிடவில்லை. மறுவருடமே மேலே ஏற்றினார். நாலு ஆட்டம் தோற்றால் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பும் தேசத்தில் இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

89ஆவது நிமிடம். ஆஷ்லி பார்ன்ஸ் அடிக்கிறார். கோல்! குவளையில் மிச்சமிருந்தது என் முழங்காலில். பெரியவர் திரும்பிப் பார்க்கிறார், ஈரத்தைக் கவனிக்கிறார், மறுபடி மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அன்றிரவு பிரீமியர் லீக் பட்டியலில் பர்ன்லி நான்காம் இடம். அதற்குப் பிறகு லீக்கில் 11 ஆட்டம் ஒரு வெற்றிகூட இல்லை. பிறகு வரிசையாக ஐந்து வெற்றி. மே மாதம் கணக்குப் பார்த்தால், 38 ஆட்டத்தில் அடித்தது 36 கோல்தான். 37 அடித்த சவுத்தாம்ப்டன் 17ஆம் இடத்தில் தொங்கித் தப்பியது. 35 அடித்த ஸ்டோக் கீழே போனது. பர்ன்லிக்கோ ஏழாம் இடம், 51 வருடம் கழித்து ஐரோப்பியப் போட்டி! விஷயம் வாங்கிய கோல்களில் இருக்கிறது: ஸ்டோக் 68, பர்ன்லி 39. பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டதெல்லாம் இதற்குத்தான்.

ஐரோப்பாவுக்குப் போனால் கடைப் பெயரையே மாற்றுகிறேன் என்று சொல்லியிருந்த மதுக்கடைக்கார அம்மா, சொன்னபடி செய்தார். பிரின்சஸ் ராயல், ராயல் டைச் ஆனது.