புழு இல்லாத புழுவெட்டு

போன ஆடி மாசம் அம்மா தலை வாரும்போது சீப்போடு ஒரு கொத்து முடி வந்தது. ரூபாய்க் காசு அளவுக்குச் சொட்டை. பக்கத்து வீட்டு அத்தை, "புழுவெட்டு, சின்ன வெங்காயம் தேய்" என்றார். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். ஆரணியில் முகூர்த்தப் பட்டு நெய்கிற வீட்டில், அம்மா முகூர்த்தத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

அப்பா ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு அம்மாவைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் போனேன். 'அலோபீசியா அரியேட்டா' என்றார் டாக்டர். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறதாம். புழுவும் கிடையாது, ஒட்டுகிற நோயும் கிடையாது. பலருக்கு முடி திரும்ப முளைக்கும். சிலருக்கு மறுபடி கொட்டும்.

2022 ஆஸ்கார் விழாவில், மனைவி ஜாடாவின் தலையைக் கிண்டல் செய்தவரை நடிகர் வில் ஸ்மித் மேடையேறி அறைந்தாரே, ஜாடாவுக்கும் அலோபீசியாதான். அப்பா யாரையும் அறையவில்லை. "உன் வீட்டுல சொட்டை விழுந்துடுச்சாமே?" என்ற பெரியப்பாவிடம், "இழை அறுந்தா பிணைச்சுட்டு நெய்யுறோம். தறியைத் திட்டுறமாண்ணா?" என்றார். ஐப்பசியில் மாமா வீட்டுக் கல்யாணத்தில், முக்காடு போட்ட அம்மாவை விட்டுப் பந்தி முடியும்வரை நகரவில்லை.

முடி இன்னும் முழுசாக முளைக்கவில்லை. அம்மா சிரிக்கிறார், அது போதும்.

தோழர்களே, நம் வகுப்பில் ஒருவனைச் 'சொட்டை' என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். இந்த மலர் வழியாக அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.