பாலாவும் பல்லாவும்

வானொலியில் தமிழ் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகள் வீட்டில் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “தமிழ்ல பேசினா நீங்க நிறுத்தி நிறுத்தித் திருத்துவீங்கம்மா” என்றாள்.

உண்மைதான். அவள் வாயில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆனால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒலிபரப்புக்கூடத்தில் ல, ள, ழ பார்த்துப் பார்த்துப் பேசிய பழக்கம். “இன்னொரு தடவை சொல்லு” என்பேன். அவள் “பனானா” என்று முடித்துவிடுவாள்.

சென்ற ஜூன் விடுமுறையில் இத்தாலிக்குப் போனோம். பொலோஞா நகரில், பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு காலைநேரச் சமையல் வகுப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு மகளைச் சேர்த்துவிட்டோம். நடத்தியவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. இடம், அவர் வீட்டுச் சமையலறை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருடைய மகள் ஓரமாக நின்று பெற்றோர்களுக்கு மட்டும் மொழிபெயர்த்தார். பிள்ளைகளிடம் பேசியதெல்லாம் இத்தாலிய மொழிதான்.

மேசையில் கிண்ணம் கிண்ணமாக உலர்ந்த பாஸ்தா இருந்தது. பாட்டி ஒன்றை எடுத்துக் காட்டி, கைகளைச் சிறகுபோல அசைத்து, “ஃபர்ஃபால்லா” என்றார். பட்டாம்பூச்சி. ஒரு பிடி அள்ளி, “ஃபர்ஃபால்லே” என்றார். பல பட்டாம்பூச்சிகள். ஒருமை, பன்மை முடிந்தது. பிறகு காதைத் தொட்டுக்காட்டி, குட்டிக் காது வடிவத்தில் இருந்த ஒரேக்கியெத்தேயை நீட்டினார். ஸ்பகெத்தி என்றால் மெல்லிய கயிறு. அதைவிட மெலிந்தது ஸ்பகெத்தீனி, தடித்தது ஸ்பகெத்தோனி. சொல்லின் வால் மாறினால் அளவு மாறும் என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டே புரிந்துகொண்டார்கள்.

அடுத்தது உருளைக்கிழங்கில் செய்யும் ஞோக்கி. நம் ஊர் உணவகங்களில் இதைப் பலர் ‘நோக்கி’ என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். மற்றப் பிள்ளைகள் அந்த முதல் எழுத்தில் தடுமாறினார்கள். என் மகள் திரும்பி என்னைப் பார்த்து, “அம்மா, இது நம்ம ஞ! ஞாயிறு ஞ!” என்று கத்தினாள். பொலோஞா என்ற ஊர்ப்பெயரில் வருவதும் அதே ஒலிதான். வெளியிடத்தில் அவள் தானாகத் தமிழ் பேசி நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பிறகு மாவு பிசையத் தொடங்கினார்கள். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. அந்த ஊர்க் கணக்கு அவ்வளவுதான். மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, ஊனோ, தூஎ, த்ரே என்று எண்ணியபடி முட்டைகளை உடைத்து ஊற்றினார்கள். பிசைந்ததை உருண்டையாக்கச் சொன்னார் பாட்டி. உருண்டைக்கு ‘பல்லா’ என்று பெயர். என் மகள் தன் உருண்டையைத் தூக்கிக்காட்டி, “பாலா!” என்றாள்.

பாட்டி முகத்தில் சிரிப்பே இல்லாமல், சுவரில் மாட்டியிருந்த நீண்ட பிடிவைத்த மரத்தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ரொட்டியையும் பீட்சாவையும் அடுப்புக்குள் தள்ளும் தட்டு அது. அதற்குத்தான் பாலா என்று பெயர். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘ல்’லை நன்றாக அழுத்தி “பல்லா” என்றாள். நமக்குப் பலியும் பல்லியும் போலத்தான். பாட்டி தப்பென்று சொல்லவில்லை, இன்னொரு தடவை சொல் என்றும் கேட்கவில்லை. அவள் கேட்டதைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

மாவு அரைமணி நேரம் ஊறும்போது அவரிடம் பேசினேன். வகுப்பு தொடங்கிய கதையை அவர் சொல்ல, மகள் மொழிபெயர்த்தார். மூத்த மகனின் பிள்ளைகள் ஜெர்மனியில் வளர்கிறார்கள். கோடைக்கு வரும்போது அவர்களுக்கு இத்தாலிய மொழி வராது; இவருக்கு ஜெர்மன் வராது. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். சமையலறையில் மட்டும் நின்றார்கள், பசித்ததால். அப்படி ஆரம்பித்ததாம்.

பிறகு மாவை நீண்ட உருட்டுக்கட்டையால் தாள்போல் தேய்த்து, சுருட்டி, வெட்டினார்கள். ‘தல்யாரே’ என்றால் வெட்டுவது; அதனால் அது தல்யத்தெல்லே. வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று 1972இல் அந்நகர வணிகச் சபையில் பதிந்தே வைத்திருக்கிறார்கள். இறைச்சிக் குழம்பான ராகூவை அங்கே இதனுடன்தான் பரிமாறுவார்கள், ஸ்பகெத்தியுடன் அல்ல. “ஆ தாவோலா!” என்று பாட்டி குரல் கொடுத்ததும் எல்லாரும் சாப்பாட்டு மேசைக்கு ஓடினார்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஆர்தூசியைப் பற்றிப் படித்தேன். பெல்லெக்ரீனோ ஆர்தூசி பட்டு வணிகர். இத்தாலி ஒரே நாடானது 1861இல். அப்போது பெரும்பாலோர் வீட்டில் பேசியது அவரவர் வட்டார மொழியை. ஒரே பண்டத்துக்கு ஊருக்கொரு பெயர். பட்டாம்பூச்சிப் பாஸ்தாவுக்கு இன்றும் பொலோஞாவில் ஸ்திரிக்கெத்தி என்ற வேறு பெயர் உண்டு. 1891இல், 70 வயதைத் தாண்டிய ஆர்தூசி, எல்லாருக்கும் புரியும் எளிய இத்தாலியத்தில் ஒரு சமையல் நூல் எழுதினார். பதிப்பாளர்கள் கைவிட்டதால் சொந்தக் காசில் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். வாசகர்கள் தங்கள் ஊர்ச் சமையலைக் கடிதத்தில் எழுதி அனுப்ப, அது 790 ஆக வளர்ந்தது. பொதுமொழி வீடுகளுக்குள் நுழைந்ததில் அந்த நூலுக்கும் பங்குண்டு என்கிறார்கள். பெரியவர்களே அடுப்படி வழியாக மொழி பழகிய நாடு அது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தமிழ் மட்டும் என்று வைத்திருக்கிறோம். திருத்தக்கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை. போன வாரம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துவிட்டு, “அம்மா, அந்த வாளப்பளத்த எடுங்க, அப்பமும் சுடலாம்” என்றாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “எத்தனை வாழைப்பழம் வேணும்?” என்று மட்டும் கேட்டேன்.

“ரெண்டு வாளப்பளம்” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அதை மசித்துக்கொண்டே, பள்ளியில் தோழியுடன் நடந்த சண்டையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தமிழிலேயே சொல்லி முடித்தாள். அதில் எத்தனை பிழை இருந்தது என்று நான் எண்ணவில்லை.