பெயர் திரும்பிய தீவு

கனடாவின் மேற்குக் கரையில், நனைமோ நகருக்கு எதிரே காடடர்ந்த சிறு தீவொன்று உள்ளது. துறையிலிருந்து படகில் பத்து நிமிடப் பயணம். தீவைச் சுற்றிவரும் கரையோரக் காட்டுவழி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுடையது. ஏற்றம் மிகுதியில்லை, எனினும் மரவேர்கள் பின்னிக் கிடப்பதால் அடிபார்த்தே நடக்க வேண்டும்.

வானளாவிய டக்ளஸ் ஃபிர் மரங்களையும், பட்டை உரிந்து செம்மை காட்டும் ஆர்பூட்டஸ் மரங்களையும் காண்பவர் இதனை மனிதக் கை படாத காடென்றே கருதுவர். அக்கருத்து நெடுந்தொலைவு நிலைப்பதில்லை. அவர்தம் காலடியில் இருப்பது, ஒருகாலத்தில் நிலக்கரிக்காகக் குடையப்பட்ட நிலம்.

இப்பகுதியின் தொல்குடிகள் ஸ்னுனைமுக் மக்கள். தம் கரையில் எரியும் கல் உண்டென்று வெள்ளையரிடம் முதலில் கூறியவர் அவர்களுள் ஒரு தலைவரே. துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் தருவதும் ஒரு புட்டி மதுவுமே அவருக்குப் பேசப்பட்ட கைம்மாறு என்பர். கைம்மாறு சிறிது, விளைவோ பெரிது. நீராவிக் கப்பல்களுக்குக் கரி தேவைப்பட்ட காலம் அது. அட்சன் விரிகுடா நிறுவனம் சுரங்கம் தோண்டியது. 1854-இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வேட்டையும் மீன்பிடிப்பும் முன்போல் தொடரும் என்ற வாக்கு அதில் இருந்தது. நிலம் கைமாறியது. இங்கிலாந்தின் நிலக்கரி நகரான நியூகாசிலின் பெயரைத் தீவு பெற்றது.

சுரங்கவேலை 1883-இல் ஓய்ந்தது. கல்லுடைப்போ 1869-இலேயே தொடங்கிவிட்டிருந்தது. சான்பிரான்சிஸ்கோவின் பழைய நாணயச்சாலைக்கு இத்தீவின் மணற்கல் சென்றது. 1906-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தையும் தீயையும் தாங்கி நின்ற கட்டடம் அது. பின்னர், மரத்தை அரைத்துக் காகிதக்கூழாக்கும் ஆலைகளுக்காகப் பெரும் உருளைக் கற்கள் இங்கே கடைந்தெடுக்கப்பட்டன. 1932-இல் அத்தொழிலும் நின்றது. கடைந்த வட்டத் தடங்கள் பாறையில் இன்றும் மாறாதிருக்கின்றன. காட்டை அரைக்கும் கல்லைத் தந்த இடத்தைக் காடே சூழ்ந்து நிற்பது வியப்புக்குரியது.

1961-இல் தீவு மாகாணப் பூங்காவாயிற்று. 2021-இல் பூங்காவுக்குச் சேசட்சன் என்னும் தொல்பெயர் முறைப்படி மீட்டளிக்கப்பட்டது. ஓட்டப்பயிற்சி என்பது அதன் பொருள். படகுப் போட்டிக்கும் ஓட்டத்திற்கும் ஸ்னுனைமுக் இளைஞர் தம்மை ஆயத்தப்படுத்திய இடம் இது. இன்று நடைப்பயணிகளை அக்கரையிலிருந்து ஏற்றிவரும் படகை இயக்குவதும் அம்மக்களின் நிறுவனமே.