கொடிவழி காணாமற்போன கதை

லேக் மார்க்கெட் என்று நாம் சொல்லுகிறோமே, அந்த ஏரிக்கே இப்போது வேறு பெயர். கல்கத்தா நகர அபிவிருத்தி டிரஸ்டார் 1920-களில் வெட்டிய டாக்குரியா ஏரி 1958-இல் ரவீந்திர சரோவர் ஆயிற்று. பக்கத்திலிருக்கும் லான்ஸ்டவுன் ரோடு சரத் போஸ் ரோடு ஆயிற்று. 2001-இல் கல்கத்தாவே கொல்கத்தா ஆயிற்று. இத்தனைக்கும் நடுவே மார்க்கெட் மட்டும் பழைய பெயரை விடாமல், வாழையிலையும் மல்லிகைச் சரமும் காப்பிப் பொடியும் விற்றுக்கொண்டிருக்கிறது. பெயர் மாற்றத்தில் இவ்வளவு பழக்கமுள்ள பேட்டையில் பிறந்து வளர்ந்த நான், ஒரே ஒரு கோப்புக்குப் பெயர் மாற்றி, அதைத் தொலைத்துவிட்டேன்.

அது எங்கள் குடும்பத்தின் வமிசாவளி. 2023-ஆம் ஆண்டு பூஜை விடுமுறையில் சின்னப் பாட்டி சொல்லச் சொல்ல நான் கணிப்பொறியில் ஏற்றியது. சின்னப் பாட்டி என் தகப்பனாரின் அம்மாவுக்குத் தங்கை. அவள் தலைமுறையில் இன்று மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான்.

இந்த விடுமுறைக்கு வந்தபோது பாட்டி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எங்க மூத்த அக்கா ஒன்பது வயசிலே காய்ச்சல் வந்து போயிட்டாளே, அவ பேர் என்னடா? பாப்பா, பாப்பான்னுதான் வாயிலே வருது. நிஜப் பேர் வரமாட்டேங்குது. நீ எழுதி வெச்சியே, பார்த்துச் சொல்லு" என்றாள். முந்திய நாள் வந்தவர்களையே மறந்துவிடுகிற பாட்டி, நான் எழுதி வைத்ததை மறக்கவில்லை.

பென் டிரைவைச் செருகினேன். கோப்பைக் காணோம்! வமிசாவளி நிரலோ பழைய இடத்தைத் தேடிப் பார்த்து, "அப்படி ஒன்று இல்லை" என்று கையை விரித்தது. அப்போதுதான் என் திருவிளையாடல் நினைவுக்கு வந்தது. தேர்வு நாட்களில் படிப்பைத் தவிர மற்றெல்லா வேலையும் இனிக்கும் அல்லவா? அப்படி ஒரு நாள் ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் அமர்ந்து, கோப்புகளுக்கெல்லாம் நல்ல பெயர் சூட்டினேன். வால் போலத் தொங்கிய 'ஜி.ஈ.டி.' என்ற மூன்று எழுத்தையும் வெட்டி எறிந்தேன். என்ன பெயர் சூட்டினேன் என்பதுதான் மறந்துபோயிற்று. பிரதி எடுத்து வைத்தாயா என்று அன்பர்கள் கேட்க வேண்டாம்.

குடும்பம், வமிசம், முன்னோர், வேர் என்று தேடிக் களைத்தேன். தேர்வு மாதத்தில் மாற்றிய கோப்புகளை மட்டும் காட்டச் சொன்னேன்; அதுவும் வீண். பெயரை மாற்றினால் கோப்பைக் கடைசியாகத் திருத்திய தேதி மாறாது. பெயர் இருப்பது கோப்புக்குள் அன்று, கோப்புகளின் பட்டியலாகிய அடைவில். விஞ்ஞானம் படிக்கிறவனுக்கு இது இரண்டாம் நாள்தான் உறைத்தது. 'கொடிவழி' என்ற பழந்தமிழ்ச் சொல்லும் தோன்றிற்று. 'கொடி' என்று தட்டினேன். இல்லை என்றது.

இதற்குள் பாட்டி இரண்டு முறை, "கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டாள்.

ஹரித்வாரத்துப் பண்டாக்களைப் பற்றி என் தகப்பனார் சொன்னார். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் வரலாற்றை ஏட்டில் எழுதி வைத்திருக்கும் அவர்கள், வருகிறவரிடம் முதலில் கேட்பது பூர்வீக ஊரையும் குலத்தையும்தான். ஆள் பெயர் பிறகு. வெளிப் பெயரை விட்டு உள்ளே இருப்பதைக் கேட்டால் என்ன என்று எனக்கு அப்போது பட்டது.

வமிசாவளிக்கு உலகெங்கும் வழங்கும் கோப்பு முறை 'ஜெட்காம்'. 1984-இல் அமெரிக்காவின் மார்மன் திருச்சபையார் வகுத்தது. வெறும் எழுத்துக் கோப்புதான். முதல் வரியில் ஒரு பூச்சியமும் 'ஹெட்' என்ற சொல்லும் இருந்தே ஆகவேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் உண்டு. தாய், தந்தை, மக்கள் என்ற பிணைப்பெல்லாம் அந்த எண்களால்தான், பெயரால் அன்று. ஆகவே பென் டிரைவில் இருந்த ஆயிரக்கணக்கான நிறமாலை அளவீடுகளுக்கிடையே, முதல் வரி அவ்வாறு தொடங்கும் கோப்பு எது என்று கேட்டேன். ஒரே ஒரு கோப்பு வந்தது. அதன் பெயர், கொடிவழி!

தேடியபோது ஏன் அகப்படவில்லை? 'கொ' என்பதிலுள்ள கொம்பையும் காலையும் யூனிகோடு முறையில் சேர்த்து ஒரே எண்ணாகவும் எழுதலாம். தனித்தனியே இரண்டு எண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டுமென்பது விதி. ஆனால் ஒப்பிடுமுன் ஒரே வடிவாக்கிக்கொள்ளாத நிரலுக்கு அவை வேறு வேறு. ஆய்வுக்கூட விசைப்பலகை ஒரு வழியில் எழுதியிருக்கிறது. வீட்டு விசைப்பலகை மற்றொரு வழியில் தேடியிருக்கிறது. தமிழ்ப் பற்று என்னைக் காட்டிக்கொடுத்த இடம் இது.

கோப்பைத் திறந்தேன். மூத்த அக்காவுக்கு நேரே, 'பாப்பா' என்றே இருந்தது! நெஞ்சு இற்றுப் போயிற்று. கீழே குறிப்பு ஒன்று, என் கையெழுத்துப் போலவே அவசரமாக: 'அப்பாவின் அம்மா பெயரை வைத்தார்கள். மாமியார் பெயரைச் சொல்லக் கூடாதென்று அம்மா பாப்பா என்றே கூப்பிடுவாள்.'

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன்; அவனே பேரன். பேத்திக்கும் அப்படியே. அந்தப் பெயரை மருமகள் வாயால் சொல்ல முடியாமல் பாப்பா, குட்டி, அம்பி என்று கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. எங்கள் கோப்பிலேயே மூன்று பாப்பா இருக்கிறார்கள்.

தந்தையின் எண்ணைப் பிடித்தேன். அதிலிருந்து அவருடைய தாயின் எண்ணுக்கு ஏறினேன். அங்கே பெயர் முழுதாக இருந்தது. அதை இங்கே அச்சில் ஏற்றவில்லை. அந்த வீட்டில் சொல்லாத பெயர் அல்லவா?

பாட்டி பின்கட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். காதருகே குனிந்து பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பாட்டியின் முகம் மலர்ந்தது. உடனே சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு என் கையை அழுத்தினாள்.

"மெதுவா சொல்லுடா. அம்மா காதிலே விழப்போறது."